இருபத்தொன்பது ‘வேண்டாம்’

“உங்க வீட்டுக்காரர் எந்த மாவட்டம்?” என்று கேட்டாள் அல்மாத் முதியோர் இல்லத்து நிர்வாகி.

“வஷ். ஆனா எங்க வீட்டுச் சேவல் கூவினா உங்களுக்குக் கேக்கும்மா. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கற போர்ஷஃபா ஊரு.”

“சேவல் கேக்குது. ராத்திரி உங்க நாய்ங்களும் கேக்குது. ஆனா இது ஸலா மாவட்டம் நடத்துற இல்லம். எங்க மாவட்டத்துலயே பன்னெண்டு பேர் காத்திருக்காங்க. முதல்ல அவங்க, அப்புறம்தான் வெளி மாவட்டம்.”

“அப்புறம்னா எப்ப?”

அவள் பதிவேட்டை மூடினாள். “அப்புறம்னா அப்புறம்தான்.”

பாலத்தைத் தாண்டி நடந்தே வீடு வந்து சேர்ந்தேன். நாற்பது நிமிடம். வந்ததும் சுவரில் ஒட்டியிருந்த பஸ் நேரத்தைப் பார்த்தேன், மனப்பாடமாகத் தெரிந்திருந்தும். காலை ஐந்து இருபதுக்குக் கெர்மெண்ட் பஸ். அங்கே இறங்கி சொம்பத்ஹேய் பஸ். அங்கே ஒன்றரை மணி நேரம் நின்று, ஆஸ்திரிய எல்லையோரம் போகும் மூன்றாவது பஸ். என் ஆபெல் அங்கே இருந்தான். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகு, எங்கள் மாவட்டத்து இல்லத்தில் அவனுக்குக் கிடைத்த கட்டில் அது ஒன்றுதான். திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்றால் அவனோடு இருக்க எனக்கு ஐம்பது நிமிடம் மிச்சம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஐம்பது நிமிடம். நாற்பது வருஷம் ஒரே கட்டிலில் தூங்கியவர்களுக்கு அது போதுமா என்று யாரும் கேட்கவில்லை. அதனால் யாரிடமும் நானும் சொல்லவில்லை.

சொல்லாமலேயே தெரிந்துகொண்டவள் சபீனா. எங்கள் ஊராட்சித் தலைவி. முப்பத்தெட்டு வயது, கீழ்கோடிப் பெண், என்னைப் போலவே. ஒருநாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“எதெல்கா அத்தை, நம்ம ஊரு மாவட்டம் மாறினா என்ன?”

“ஊரைத் தூக்கிக்கிட்டுப் போகப் போறியா?”

“ஊர் இங்கயேதான் இருக்கும். கோடுதான் நகரும். சட்டத்துல இடம் இருக்கு. ஊர்ல பொது வாக்கெடுப்பு வைக்கணும், ரெண்டு மாவட்ட சபையும் கருத்து சொல்லணும், அப்புறம் நாடாளுமன்றம் சரின்னு சொல்லணும்.”

“எனக்காகவா?”

“உங்களுக்காக மட்டும் இல்ல. பள்ளிக்கூடம் ஸலால, டாக்டர் ஸலால, தையல் ஃபாக்டரி ஸலால. நம்ம பஸ் மட்டும் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்னு திரும்பிடுது. பிள்ளைங்க மழையில பாலத்தைத் தாண்டி நடக்குதுங்க.” கிளம்பப் போனவள் திரும்பினாள். “உங்களுக்காகவும்தான்.”

செப்டம்பரில் ஊர்க்கூட்டம் நடந்தது. மேல்கோடி ஆட்கள் இடது பக்கம், கீழ்கோடி ஆட்கள் வலது பக்கம். யாரும் சொல்லி உட்கார்ந்ததில்லை, எப்போதும் அப்படித்தான். மேல்கோடியில் இருப்பவர்கள் பழைய பிரபு வம்சம். பிரபு என்றால் அரண்மனையெல்லாம் கிடையாது. ஏழு பிளம் மரம், இரண்டு மாடு, ஒரு அரசர் கொடுத்த பத்திரம். நிலத்தை அவர்களே உழுதார்கள், ஆனால் வாளைச் செருகிக்கொண்டு உழுதார்கள் என்று எங்கள் பக்கம் கேலி பேசுவோம். கீழ்கோடியில் இருப்பவர்கள் பண்ணையாட்களின் பேரப்பிள்ளைகள். அவர்களுக்குத் தனிக் கோயில், எங்களுக்குத் தனிக் கோயில், இரண்டு மணிகளும் அரை நிமிட இடைவெளியில் அடிக்கும்.

அந்த மேல்கோடிக்குத் தலை என் ஆபெலின் அண்ணன், போகாத்தி குடும்பத்து மூத்தவர் கெலெமென். எண்பத்துநான்கு வயது. எங்கள் கல்யாணத்துக்கு வராதவர். நான் கீழ்கோடி என்பதால். பிறகு எங்கள் மகள் பிறந்தபோது வாசல்வரை வந்து ஒரு பாட்டில் பாலிங்கா பழச் சாராயத்தை வைத்துவிட்டு, உள்ளே வராமல் போனவர்.

அவர் எழுந்ததும் கூட்டம் அடங்கியது.

“முதல்ல நம்ம மாவட்டத்துக்குத் தலைநகர் வஷ்வார். அப்புறம் சொம்பத்ஹேய். ரெண்டுக்கும் எங்க ஆளுங்க குதிரையில போய் ஓட்டுப் போட்டிருக்காங்க. துருக்கிக்காரன் வந்தான், போனான். முதல் உலகச் சண்டைக்கு அப்புறம் மேற்குப் பக்கத்தை வெட்டி ஆஸ்திரியாக்காரனுக்குக் கொடுத்தாங்க. தெற்குல ஒரு துண்டை செர்பியாக்காரனுக்குக் கொடுத்தாங்க. நம்மள யாரும் கேக்கல. ஐம்பதுல கம்யூனிஸ்ட்டுங்க மாவட்ட சபையைக் கலைச்சுட்டு கவுன்சில்னு வச்சாங்க, அப்பவும் கேக்கல. தொண்ணூறுல, சரி, இனிமே ஊரை நீங்களே ஆண்டுக்கோங்கன்னாங்க. ஆளச் சொன்னதும் நீங்க முதல்ல செய்யப்போற வேலை இதானா? மிச்சம் இருக்கற மாவட்டத்தையும் நம்ம கையாலயே வெட்டறதா?”

சபீனா எழுந்தாள். “பஸ்ஸைப் பத்தி ஏதாவது சொல்லுங்க, கெலெமென் தாத்தா.”

“நான் பஸ்ஸுல போறதில்ல.”

“நீங்க எங்கேயுமே போறதில்லையே!” என்றது வலது பக்கத்திலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள், இடது பக்கத்திலும் சிலர்.

கெலெமென் அண்ணன் சிரிக்கவில்லை. “சட்டத்தை நானும் படிச்சேன். பாதிப் பேருக்கு மேல வந்தாத்தான் வாக்கெடுப்பு செல்லும். மேல்கோடிக்காரங்க யாரும் அன்னிக்கு வாசலைத் தாண்ட வேண்டாம். முடிஞ்சுது.” தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இடது பக்க நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

சபீனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காகிதத்தில் எழுதிக் காட்டினாள். வாக்காளர் பட்டியலில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். நூற்று ஐம்பத்தேழு பேர் வர வேண்டும்.

“கீழ்கோடியை ஒருத்தர் விடாம கூட்டிட்டு வந்தாலும், படுத்த படுக்கையா இருக்கறவங்க வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிட்டுப் போனாலும், நூத்தி முப்பது. அதுக்கு மேல போகாது அத்தை.”

“ஆபெல் பேரும் பட்டியல்ல இருக்கா?”

“இருக்கு. பெட்டியை அவ்வளவு தூரம் கொண்டுபோக முடியாது. அதனால அவரும் வராதவங்க கணக்குலதான் வருவாரு.”

என் வீட்டுக்காரன் ஓட்டும் எனக்கு எதிராகவே நின்றது. சிரிப்புதான் வந்தது.

அடுத்த முறை ஆபெலைப் பார்க்கப் போனபோது இதையெல்லாம் சொன்னேன். ஐம்பது நிமிடத்தில் இருபது இதற்கே போய்விட்டது. ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தான். சவரம் செய்துவிட்டிருந்தார்கள், ஆனால் இடது தாடையில் நாலு முடியை விட்டுவிட்டிருந்தார்கள். அவன் பேச்சு மெல்ல வரும், ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல.

“அண்ணன்... வீட்ல உக்காரச் சொன்னாரா?”

“ஆமா. எல்லாரையும்.”

“நான் அங்க இருந்திருந்தா... ‘வேண்டாம்’னுதான்... போட்டிருப்பேன், எதெல்கா.”

நான் கையை எடுத்துக்கொண்டேன். “என் பக்கத்துல வர வேண்டாமா உனக்கு?”

“வரணும். தினம்... அதேதான் நினைக்கிறேன். ஆனா வஷ்... வஷ்தானே. நான் போகாத்தி. ‘வேண்டாம்’தான்.”

“நல்லா இருக்கு! நான் மூணு பஸ் ஏறி இதைக் கேக்கத்தான் வந்தேனா?”

அவன் நல்ல கையால் என் விரலைத் தேடிப் பிடித்தான். “கோவிக்காதே. கேளு. எங்க கொள்ளுத்தாத்தா... பனியில நடந்து சொம்பத்ஹேய்க்கு... போனாரே.”

அந்தக் கதை எனக்குத் தெரியும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்டது. மாவட்டச் சபையில் ஒரு தேர்தல், அவர் ஆள் தோற்கப் போவது எல்லோருக்கும் தெரியும், இடுப்பளவு பனி. இரண்டு நாள் நடந்துபோய்த் தன் ஒரு ஓட்டைப் போட்டு, தோற்று, இரண்டு கால்விரல்களைப் பனிக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“தெரியும். விரல் போன கதை.”

“தோக்கறதுக்குத்தான்... போனாரு. ஆனா போனாரு. ஓட்டு இருக்கற அன்னிக்கு... வீட்ல ஒளிஞ்சான்னு... ஒரு போகாத்தியைப் பத்தி... யாராவது சொன்னாங்களா? ஓட்டில்லாதவன்தான்... வீட்ல இருப்பான்.” மூச்சு வாங்கினான். “அண்ணன்கிட்ட சொல்லு. ஆபெலால வர முடியல. அவன் பேருக்கும் சேர்த்து... போய் ‘வேண்டாம்’னு... சொல்லிட்டு வாங்கன்னு.”

நான் அவன் முகத்தையே பார்த்தேன். தெரிந்து சொல்கிறானா, தெரியாமல் சொல்கிறானா? ஒரு கண் பாதி மூடியிருந்தது, அது நோய். இன்னொரு கண் என்னைப் பார்த்தது. அதில் எதையும் படிக்க முடியவில்லை.

“அவங்க வந்தா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?”

“பஸ்ஸுக்கு... நேரமாச்சு” என்றான்.

திரும்பும் வழியில் மூன்று பஸ்ஸிலும் யோசித்தேன். மெய்யான செய்தி. அவன் வாயால் சொன்னது. எனக்கு எதிரான ஓட்டைக் கேட்கும் செய்தி. இதைக் கொண்டுபோவது நேர்மையா, சூதா? கெர்மெண்ட் நிலையத்தில் ஒரு காப்பி குடித்தேன். பஸ் வந்தது.

நாற்பது வருஷத்தில் முதன்முறையாகக் கெலெமென் அண்ணன் வீட்டு வாசலை மிதித்தேன். கொட்டிலுக்குப் பக்கத்தில் வால்நட் உடைத்துக்கொண்டிருந்தார்.

“என்னடி, கீழ்கோடிக்காரி, வழி தவறிட்டியா?”

“இல்ல அண்ணே. ஆபெல் சொல்லி அனுப்பினான்.”

சுத்தியலைக் கீழே வைத்தார். “எப்படி இருக்கான்?”

“இடது கை அசையல. சாப்பாடு பிடிக்கல. அங்க சூப்புல மிளகாய்த்தூளே போட மாட்டேங்கறாங்களாம்.”

“அதெல்லாம் சூப்பா?” என்று அவர் முணுமுணுத்தார். “என்ன சொல்லி அனுப்பினான்?”

சொன்னேன். கொள்ளுத்தாத்தா, பனி, விரல், எல்லாம். அவன் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, அவன் மூச்சு வாங்கிய இடத்தில் நானும் மூச்சு வாங்கி. ஒரு சொல் கூட்டவில்லை.

கெலெமென் அண்ணன் முகம் சிவந்தது. “இது நீ சொல்லிக் கொடுத்தது.”

“நான் சொல்லிக் கொடுத்தா ‘வேணும்’னு போடச் சொல்லியிருப்பேன். எனக்கென்ன பைத்தியமா, ‘வேண்டாம்’னு கேட்டு வாங்கிட்டுப் போக?”

“நாங்க வந்தா செல்லுபடியாகும்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா?”

“உங்களுக்குத் தெரியாதது இந்த ஊர்ல என்ன இருக்கு, அண்ணே.”

“எத்தனை குறையுது உங்களுக்கு?”

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை. “இருபத்தேழு. கூடவும் குறையலாம்.”

அவர் உதடுகள் அசைந்தன. போகாத்தி வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார் என்று தெரிந்தது. இமிரே வீட்டில் நாலு, ஆற்றோர வீட்டில் ஆறு... எண்ணி முடித்ததும் ஒரு வால்நட்டை எடுத்தார், உடைக்காமல் கையில் உருட்டினார்.

“வீட்ல இருந்தா ஜெயிப்போம். வந்தா தோப்போம்.”

“ஆமா.”

“அவன் அங்கேயே கிடப்பான். இல்லேன்னா ஓடைக்கு அந்தப் பக்கம் வருவான்.”

“ஆமா, அண்ணே.”

“போ. மாடு கத்துது.”

மாடு கத்தவில்லை. நான் போனேன்.

வாக்கெடுப்பு அக்டோபர் கடைசி ஞாயிறு. ஊர் மன்றத்தில் பெட்டி வைத்தார்கள். எதிரே இருந்த பெஞ்சில், கோயில் முடிந்து வந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சபீனா மணிக்கொரு தரம் வெளியே வந்து மூக்கைச் சிந்துவதுபோல நின்று எண்ணிக்கையைச் சொல்வாள். பத்து மணிக்கு எழுபது. மதியம் நூற்று நான்கு. மூன்று மணிக்கு நூற்று இருபத்தைந்து. நாலு மணிக்கு நூற்று இருபத்தொன்பது, அதோடு நின்றது.

“படுக்கையில இருக்கற விளாஸ்டி பாட்டிகிட்டகூடப் பெட்டி போயிட்டு வந்தாச்சு, அத்தை. இனி கீழ்கோடியில ஓட்டே இல்ல.”

“சரி, வீட்டுக்குப் போறேன்.”

“கொஞ்சம் இருங்களேன்.”

“எதுக்கு? குளிருது.”

எழுந்துவிட்டேன். மேல்கோடித் தெருவில் ஒரு மனிதர்கூட இல்லை. ஜன்னல் திரைகள் மட்டும் கொஞ்சம் விலகியிருந்தன. எனக்கு அழுகை வரவில்லை. நாளைக்கு மறுநாள் ஐந்து இருபது பஸ், கைப்பையில் சுத்தமான பைஜாமா இருக்கிறதா என்ற நினைப்புதான் ஓடியது.

அப்போது மேல்கோடிக் கோயில் பக்கம் ஒரு கதவு திறந்தது. பிறகு இன்னொன்று.

நடைபாதையில் வரவில்லை, நடுத்தெருவில் வந்தார்கள். கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, பெண்கள் கோயிலுக்குப் போடும் தலைச்சால்வை. முன்னால் கெலெமென் அண்ணன், கைத்தடி இருந்தும் ஊன்றவில்லை. அவருக்குப் பின்னால் வயது வரிசையில் போகாத்திகள் எல்லோரும். புதாபெஸ்தில் படிக்கும் பேத்திகூட வந்திருந்தாள். மற்ற மேல்கோடி வீடுகளிலிருந்து ஒருவரும் வரவில்லை. அண்ணன் முதலில் சொன்ன சொல்லை அவர்கள் காப்பாற்றினார்கள்.

என்னைத் தாண்டும்போது அவர் நிற்கவில்லை. “பெஞ்சு நனைஞ்சிருக்கு, மறுபடி உக்காராதே. இடுப்பு பிடிச்சுக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே நடந்ததைச் சபீனா பிறகு சொன்னாள். அவர் சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போகவில்லையாம். மேசை முன்னாலேயே நின்று, ஊரே கேட்க, “போகாத்தி கெலெமென்: வேண்டாம்!” என்று கத்தினாராம்.

ஊராட்சிச் செயலர் பதறிப்போய், “ஐயா, ரகசிய ஓட்டு, ரகசியமா போடணும்!” என்றாராம்.

“ரகசியம் எனக்கெதுக்கு? எங்க ஆளுங்க முந்நூறு வருஷம் சத்தமா சொன்னாங்க.”

“சத்தமா சொன்னா சீட்டு செல்லாதுங்க. உள்ள போய் கோடு போடுங்க.”

உள்ளே போய்க் கோடு போட்டுவிட்டு வந்து, “கோடும் போட்டேன், வேண்டாம்!” என்றாராம். அவருக்குப் பின்னால் வந்த ஒவ்வொருவரும், பேத்தி உட்பட, சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு “வேண்டாம்” என்றார்களாம். செயலர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தாராம்.

ஏழு மணிக்கு எண்ணினார்கள். வந்தவர்கள் நூற்று ஐம்பத்தெட்டு, தேவைக்கு ஒன்று கூடுதல். ‘வேணும்’ நூற்று இருபத்தொன்பது. ‘வேண்டாம்’ இருபத்தொன்பது. போகாத்தி வீட்டில் ஓட்டுள்ளவர்கள் முப்பது பேர், ஆபெலையும் சேர்த்து. ஒருவர்கூட மனம் மாறிப் போடவில்லை. அதைத்தான் நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் எனக்காக இரங்கி ‘வேணும்’ என்று போட்டிருந்தால் நன்றி சொல்ல ஒரு வீடு இருந்திருக்கும். இருபத்தொன்பது பேரும் என்னை எதிர்த்தே எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்கு எந்த வாசலில் போய் நன்றி சொல்வது?

மாவட்ட சபைகள் இரண்டும் பேசின. நாடாளுமன்றம் வசந்தத்தில் கை தூக்கியது. ஜனவரி முதல் தேதி கோடு நகர்ந்தது. ஊரின் தென்புறம் இருந்த மாவட்ட எல்லைப் பலகையைப் பிடுங்கி வடபுறம், கெலெமென் அண்ணன் கொட்டிலுக்குப் பின்னால் நட்டார்கள். அதற்குப் பிறகும் பத்து மாதம் காத்திருந்தோம், எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கட்டில் பெறும்வரை. அந்தப் பத்து மாதமும் நான் பஸ்ஸில் போனேன்.

நவம்பரில் ஆபெலை அல்மாத்துக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது தினமும் மதியம் போகிறேன். மாலைவரை இருக்கிறேன். பேச ஒன்றும் இல்லாதபோதும் இருக்கிறேன். அதற்குத்தான் ஆசைப்பட்டேன், பேச ஒன்றும் இல்லாமல் பக்கத்தில் இருப்பதற்கு.

ஆனால் அவன் வானொலியில் சொம்பத்ஹேய் நிலையத்தைத் தேடச் சொல்கிறான். இங்கே கரகரவென்றுதான் வருகிறது.

“சூப் எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு. ஸலா சூப்.” கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணன்... வரலையா?”

“வர மாட்டாராம். ஸலாவுல இருக்கற வீட்டுக்கு விருந்தாளியா போக மாட்டாராம்.”

“அவர் வீடே... ஸலாவுலதானே இருக்கு!”

“அதைச் சொன்னேன். காது கேக்கலன்னுட்டாரு. சாயங்காலம் ஆனா நாற்காலியைத் தூக்கிக்கிட்டு கொட்டிலுக்குப் பின்னால போறாரு. புதுப் பலகைக்கு அந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டு உக்காந்து பைப் பிடிக்கிறாரு. இருட்டினதும் வீட்டுக்கு வந்துடறாரு. ஊரே போய் எட்டிப் பார்த்துட்டு வருது.”

ஆபெல் சிரித்தான். பக்கவாதம் வந்த பிறகு அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. பாதி முகம்தான் சிரித்தது, தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு அவன் நிறுத்திவிட்டான், தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

“அங்க உக்காந்தா... வடக்கே மலை தெரியுமா?”

“மேகம் இல்லேன்னா தெரியுமாம்.”

“நானும் ஒரு தடவை... அங்க போய் உக்காரணும், எதெல்கா. அவர் பக்கத்துல.”

“அன்னிக்கு நீ தெரிஞ்சுதான் சொன்னியா? அண்ணன்கிட்ட சொல்லச் சொன்னியே, அது?”

“நான்... ‘வேண்டாம்’னு சொன்னேன்” என்றான். “அதை இன்னும்... மாத்திக்கல.”

சன்னக்குரலில் வானொலி ஏதோ சொம்பத்ஹேய் சந்தை நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தது. நான் எழுந்து தாழ்வாரத்துக்குப் போனேன். அங்கே இருந்த நர்ஸிடம் கேட்டேன்.

“அம்மா, ஒரு அரை நாளுக்கு சக்கர நாற்காலியை வெளியே கொண்டுபோக விடுவீங்களா?”

“தோட்டத்துக்கா?”

“இல்லம்மா. கொஞ்சம் தூரம். பாலத்தைத் தாண்டி, ஊரைத் தாண்டி, அடுத்த மாவட்டத்துக்கு.”

அவள் என் வயதைப் பார்த்தாள், என் காலணியைப் பார்த்தாள். “யார் தள்ளுவாங்க?”

“பாலம் வரைக்கும் நான் தள்ளுவேன்” என்றேன். “அதுக்கப்புறம் மேடு. அவர் அண்ணன்கிட்ட கேக்கணும், இந்தப் பக்கம் இறங்கி வருவாரான்னு.”